ஒரே குப்பியிலிருந்து ஐந்து எஸ்.ஏ.ஆர். எண்கள் ஏன் வருகின்றன: காந்த நானோ துகளைச் சூடாக்குவதும் அளப்பதும்

கேள்வி: வேலூரில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். புற்றுக்கட்டியைக் காந்த நானோ துகளால் சூடாக்கும் முறையை ஒட்டித்தான் ப்ராஜெக்ட். மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகளை நானே செய்தேன். மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் கலந்த நீரில் 1 மில்லிலிட்டர் எடுத்து, 5 சுற்று, 4 செ.மீ. விட்டம், 5 செ.மீ. நீளமுள்ள செம்புக் குழாய்ச் சுருளுக்குள் வைக்கிறேன். சுருளுக்கு மாறுமின்னோட்டம் தருவது ஆன்லைனில் வாங்கிய இசட்.வி.எஸ். போர்டு. 10 நிமிடத்தில் 31 டிகிரியிலிருந்து 44 டிகிரிக்கு ஏறுகிறது. வெறும் தண்ணீரும் 37 வரை போகிறது. முதல் 30 நொடியில் துகள் நீர் 1.5 டிகிரி, வெறும் நீர் 0.6 டிகிரி. எஸ்.ஏ.ஆர். (ஒரு கிராம் துகள் எத்தனை வாட் வெப்பம் தருகிறது என்பது) கணக்குப் போட்டால் ஒவ்வொருவர் சொல்லும் முறைக்கும் ஒவ்வொரு எண் வருகிறது. எது சரி? இன்னொன்று: குடியாத்தத்தில் என் அத்தைக்கு மூளையில் கட்டி. இந்தச் சிகிச்சையை அவருக்குச் செய்ய முடியுமா?

பதில்: அத்தையைப் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதுதான் அவசரம்.

இந்த முறையை மனிதர்களிடம் மிக நீண்ட தூரம் கொண்டுசென்றது பெர்லினில் ஆண்ட்ரியாஸ் ஜோர்டான் தொடங்கிய ஆய்வு. அதிலிருந்து வளர்ந்த மேக்ஃபோர்ஸ் நிறுவனத்தின் நானோதெர்ம் சிகிச்சைக்கு, மூளைக் கட்டிகளுக்காக 2010இல் ஐரோப்பிய அனுமதி கிடைத்தது. உள்மையம் சுமார் 12 நானோமீட்டர் உள்ள, அமினோசிலேன் பூசிய இரும்பு ஆக்சைடு துகள். மில்லிலிட்டருக்கு 112 மில்லிகிராம் இரும்பு. அறுவை மருத்துவர் மண்டையோட்டில் சிறு துளையிட்டு, ஸ்கேன் வழிகாட்டுதலோடு அதை நேராகக் கட்டிக்குள்ளேயே செலுத்துவார். பிறகு 100 கிலோஹெர்ட்ஸ் மாறுகாந்தப் புலத்தில் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரமாக ஆறு அமர்வுகள், கூடவே கதிர்வீச்சு. திரும்ப வந்த கிளியோபிளாஸ்டோமா (கடுமையான ஒரு வகை மூளைக் கட்டி) உள்ள 59 பேரிடம் செய்த ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. கட்டி திரும்பியது கண்டறியப்பட்ட நாளிலிருந்து வாழ்நாளின் இடைநிலை அளவு 13.4 மாதம். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. ஆகவே எந்த அளவு பலன் சூட்டினால் வந்தது, எந்த அளவு கதிர்வீச்சினால் வந்தது என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நிறுவனமும் 2022இல் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது. இந்தியாவில் இது மருத்துவமனையில் கேட்டுப் பெறக்கூடிய வழக்கமான சிகிச்சை அல்ல.

விலையும் சின்னதல்ல, இங்கே பணத்தைச் சொல்லவில்லை. துகள் உள்ளே போனபின் அந்த இடத்தை எம்.ஆர்.ஐ.யில் பார்க்க முடியாது. இரும்பு படத்தைக் கறுப்பாக்கிவிடும். மூளைக் கட்டி உள்ளவருக்குப் பின்தொடர் எம்.ஆர்.ஐ. எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். சூடாக்கும் பகுதியிலிருந்து 40 செ.மீ.க்குள் உலோகம் இருக்கக் கூடாது என்பதால், பல்லில் அடைத்த உலோகத்தைக்கூட எடுத்துவிட்டுத்தான் அந்த நோயாளிகளைச் சேர்த்தார்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு இது கிடையாது.

வீட்டில் யாராவது "நானோ இரும்பு மருந்து" என்று பொட்டலம் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரத்தசோகைக்குத் தரும் அயச்செந்தூரத்துக்கும் இந்த முறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வாய்வழி போன இரும்பு கட்டிக்குப் போய்ச் சேராது. ரத்தக்குழாய் வழியே செலுத்தினாலும் நிலைமை அதிகம் மாறாது: நானோ துகள்களைப் பற்றிய பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வின்படி, செலுத்திய அளவில் இடைநிலையாக 0.7 சதவீதம்தான் கட்டியை அடைகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. பெர்லினில் ஊசியை நேராகக் கட்டிக்குள் விட்டதற்குக் காரணம் இதுவே.

குடியாத்தத்திலிருந்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பேருந்து தூரம்தான். ஜேக்கப் சாண்டி 1949இல் அங்கே தொடங்கிய நரம்பியல் துறை இந்தியாவிலேயே முதலாவது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வந்து காத்திருக்கிறார்கள். உங்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. திசுப் பரிசோதனையில் என்ன வகை, எத்தனையாவது கிரேடு, எவ்வளவு எடுக்க முடியும், கதிர்வீச்சு எப்போது தொடங்க வேண்டும் என்று எழுதி வைத்துக்கொண்டு கேளுங்கள். கதிர்வீச்சுக்குத் தேதி கொடுத்தால், இந்தச் சிகிச்சை வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இனி உங்கள் குப்பிக்கு வருவோம்.

நீங்கள் தந்த எண்களை வைத்தே ஐந்து விடை வரும். முழுப் பத்து நிமிடத்தையும் எடுத்தால் 13 டிகிரி ÷ 600 நொடி, அதை 1 மில்லிலிட்டர் நீரின் வெப்பக் கொள்ளளவு 4.18ஆல் பெருக்கி 10 மில்லிகிராமால் வகுத்தால் கிராமுக்கு 9 வாட். முதல் 30 நொடியின் சாய்வை மட்டும் எடுத்தால் நொடிக்கு 0.05 டிகிரி, அது 21 வாட். ஆக்சைடின் எடைக்குப் பதில் இரும்பின் எடையால் வகுத்தால் (மேக்னடைட்டில் இரும்பு 72.4 சதவீதம், ஆக 7.24 மில்லிகிராம்) 29 வாட். வெறும் நீரின் சாய்வு 0.02ஐக் கழித்தால் நிகரச் சாய்வு 0.03, ஆக்சைடு கணக்கில் 12.5, இரும்பு கணக்கில் 17.3 வாட். உங்கள் அறிக்கையில் எழுத வேண்டியது கடைசி எண்: ஒரு கிராம் இரும்புக்கு 17 வாட். பத்து நிமிடச் சராசரி ஏன் கூடாது என்றால், குப்பி சூடாக ஆக வெளியே இழக்கும் வெப்பமும் கூடுகிறது. 44 டிகிரியில் உங்கள் கோடு படுத்துவிட்டதென்றால், அதற்குக் காரணம் துகள் களைத்துப்போனது அல்ல. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகிவிட்டது. தொடக்கச் சாய்வில் அந்த இழப்பு இன்னும் தலைகாட்டியிருக்காது.

இந்த 17 வாட்டும் புலத்தைச் சொல்லாவிட்டால் பாதி எண்தான். உங்கள் சுருளில் 100 ஆம்பியர் உச்ச மின்னோட்டம் ஓடினால், நீண்ட சுருளின் சூத்திரம் மீட்டருக்கு 10 கிலோ ஆம்பியர் என்று சொல்லும். உங்களுடையது குட்டைச் சுருள். நீளத்தை, நீளம் விட்டம் இரண்டின் வர்க்கக் கூட்டலின் வர்க்கமூலத்தால் வகுத்தால் 0.78, ஆக நடுவில் 7.8 கிலோ ஆம்பியர்தான். சுருளின் தூண்டல் ஏறக்குறைய 0.58 மைக்ரோஹென்றி. போர்டில் 0.33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஆறு இருந்தால் மொத்தம் 2 மைக்ரோஃபாரட். அதிர்வெண் 148 கிலோஹெர்ட்ஸ் அருகே வரும். இணைப்புக் குழாயின் நீளம் அதைச் சற்றுக் குறைக்கும். கணக்கை நம்பி உட்காராமல் அளந்துவிடுங்கள்: 1 செ.மீ. விட்டத்தில் ஒரே ஒரு சுற்று எனாமல் கம்பி, இரு முனையையும் முறுக்கி ஆசிலோஸ்கோப்புக்கு. துகள் குப்பி நிற்கும் அதே இடத்தில் அதைப் பிடித்தால், மேலே சொன்ன புலத்துக்கு 0.7 வோல்ட் உச்சம் தெரிய வேண்டும். 0.35தான் வருகிறது என்றால் உங்கள் புலம் பாதி. வெப்பம் புலத்தின் வர்க்கத்தை ஒட்டிப் போவதால் அப்போது வெப்பம் கால்பங்கு. இந்தத் துறையில் ஒருவர் எண் இன்னொருவர் எண்ணோடு ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் புலத்தை அளக்காமல் எழுதுவதே காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

எஸ்.ஏ.ஆரை அதிர்வெண்ணாலும் புலத்தின் வர்க்கத்தாலும் வகுத்தால் ஐ.எல்.பி. கிடைக்கும், வேறு வேறு கருவிகளை ஒப்பிட அதுவே உதவும். உங்களுக்கு 1.9 நானோஹென்றி மீட்டர் வர்க்கம் கிலோவுக்கு. கடையில் விற்கும் துகள்களில் 3ஐத் தொடுபவை நல்லவை. கல்லூரி ஆய்வகத்தில் செய்ததற்கு 1.9 குறைவே இல்லை. ஆனால் வெறும் நீர் சூடாவதைச் சரிசெய்த பிறகும் அந்த எண் நிற்கிறதா என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

வெறும் நீர் 6 டிகிரி ஏறுவது அதிகம். வெப்பம் வர மூன்று வழி உண்டு. ஒன்று, சுருளே சூடாகிக் காற்று வழியாகக் குப்பிக்குத் தருவது. செம்புக் குழாயினுள் தண்ணீர் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சித்திரை, வைகாசியில் வேலூரில் தொட்டித் தண்ணீரே 35 டிகிரி இருக்கும், அது எதைக் குளிர்விக்கும்? ஐஸ் பெட்டியில் ஒரு சுருள் குழாயை வைத்து, அதன் வழியே 25 டிகிரியில் நீரைச் சுழல விடுங்கள். குப்பிக்கும் சுருளுக்கும் நடுவே தெர்மோகோலோ இரட்டைச் சுவர்க் கண்ணாடியோ வேண்டும். போர்வெல் தண்ணீரைச் சுருளுக்குள் விடாதீர்கள். பாலாற்றுப் படுகையின் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பதை ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 6 மி.மீ. குழாயின் உள்ளே படியும் உப்பு நீரோட்டத்தை அடைத்துவிடும். காய்ச்சி வடித்த நீர் 5 லிட்டர் போதும். கரன்ட் போனால் பம்பும் போர்டும் ஒன்றாக நிற்கும்படி ஒரே சுவிட்சில் போடுங்கள். வோல்டேஜ் தாழ்ந்த நிலையில் இசட்.வி.எஸ். போர்டை ஏற்றினால் இரண்டு மாஸ்ஃபெட்டும் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) ஒரே நேரத்தில் திறந்து நின்று எரிந்துபோகும். முதலில் சப்ளை முழு வோல்டேஜுக்கு வரட்டும், அப்புறம் போர்டை இணையுங்கள்.

இரண்டாவது வழி, தெர்மோகப்பிளால் (இரு உலோகக் கம்பியாலான வெப்பமானி) அளக்கிறீர்கள் என்றால், அதுவே. அது உலோகம், மாறுபுலத்தில் சுழல் மின்னோட்டம் அதையே சூடாக்கும், மேலும் அளவுக் கருவிக்குள் இரைச்சலையும் ஏற்றும். சோதனை எளிது: ஓடும்போதே போர்டை அணையுங்கள். அந்த நொடியே அளவு ஒன்றிரண்டு டிகிரி கீழே குதித்தால், அந்த ஒன்றிரண்டு டிகிரி நீரில் இருந்ததே இல்லை. மருத்துவத்திலும் நல்ல ஆய்வகங்களிலும் ஒளியிழை வெப்பமானியைத்தான் பயன்படுத்துகிறார்கள், விலை அதிகம். உங்களுக்குக் கைக்கெட்டுவது ஆல்கஹால் கண்ணாடி வெப்பமானி. பாதரசம் கூடாது, அதுவும் உலோகமே. ஆல்கஹால் மெதுவாக எட்டும் என்பதால், 30 நொடிக்குப் பதில் 60 நொடிச் சாய்வை எடுத்து, முதல் 10 நொடியை விட்டுவிடுங்கள். குமிழ் நீரில் முழுக்க முழுக வேண்டும். 1 மில்லிலிட்டரில் அது முடியாது, ஆகவே 3 மில்லிலிட்டர் எடுங்கள். அகச்சிவப்பு கேமரா வைத்திருந்தால், குப்பியின் வாயை மூடி, பக்கவாட்டில் பாருங்கள். திறந்த நீர்ப்பரப்பு ஆவியாகி ஒரு டிகிரிக்கு மேல் குறைத்துக் காட்டும்.

மூன்றாவது, நீரில் கரைந்த உப்பு. 1 மில்லிலிட்டர் குப்பியில் இது சிறியது. மனித உடலில் இதுவே எல்லையை வகுக்கிறது. உடலும் உப்பு நீர்தான், குறுக்களவு பெரியது, சுழல் மின்னோட்டம் அந்தக் குறுக்களவோடு வளரும். துகளே இல்லாத தசையும் சூடாகும். 1984இல் பிரெசோவிச் உள்ளிட்டோர் நல்ல உடல்நிலையில் இருந்தவர்களைப் புலத்துக்குள் வைத்து, ஒரு மணி நேரம் தாங்கும் அளவைக் கணித்தார்கள்: புலமும் அதிர்வெண்ணும் பெருக்கினால் 4.85 × 10இன் அடுக்கு 8க்குள் (மீட்டருக்கு ஆம்பியர் × ஹெர்ட்ஸ் அலகில்). சிறிய பகுதிகளுக்கு 5 × 10இன் அடுக்கு 9 வரை போகலாம் என்று பின்னர் ஹெர்க்ட், டுட்ஸ் எழுதினார்கள். உங்கள் 7.8 கிலோ ஆம்பியர், 148 கிலோஹெர்ட்ஸைப் பெருக்குங்கள்: 1.15 × 10இன் அடுக்கு 9. பழைய எல்லையைத் தாண்டுகிறீர்கள், தளர்ந்த எல்லைக்குள் இருக்கிறீர்கள். ப்ராஜெக்ட் அறிக்கையில் இந்த ஒரு வரியை எழுதினால் தேர்வாளருக்கு நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று புரியும். 500 கிலோஹெர்ட்ஸில் 30 கிலோ ஆம்பியர் வைத்து 1000 வாட் வாங்கிக் காட்டும் கட்டுரைகளை இந்தப் பெருக்கலை வைத்துப் படியுங்கள்.

துகள் ஏன் சூடாகிறது என்பதை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரத்தின் அடிப்பக்கம் சூடாவதில் சுழல் மின்னோட்டம் பெரும்பங்கு. 10 நானோமீட்டர் துகளில் அதற்கு இடமே இல்லை. துகளின் காந்தத் திருப்புத்திறன், மாறும் புலத்துக்குச் சற்றுப் பின்தங்கியே திரும்புகிறது. அந்தப் பின்தங்கலில் இழக்கும் ஆற்றல்தான் வெப்பம். துகள் அசையாமல் காந்தத்திசை மட்டும் புரண்டால் நீல் தளர்வு. துகளே நீரில் உருண்டால் பிரௌன் தளர்வு. நீல் தளர்வின் காலம் துகளின் கன அளவோடு அடுக்கேறிப் பெருகுவதால், 8 நானோமீட்டரும் 14 நானோமீட்டரும் வெவ்வேறு பொருள்போல் நடந்துகொள்ளும். 150 கிலோஹெர்ட்ஸ் அருகே மேக்னடைட்டுக்கு 12 முதல் 20 நானோமீட்டர் வரை நல்லது. நீங்கள் செய்தது இரும்பு உப்புகளை அமோனியாவால் படியவைக்கும் முறை என்றால், 8 முதல் 12 வரைதான் பொதுவாகக் கிடைக்கும். எக்ஸ் கதிர் விலகல் (எக்ஸ்.ஆர்.டி.) படத்தில் 35.5 டிகிரிக் கோட்டின் அரை உயர அகலம் 0.8 டிகிரி என்றால் சுமார் 10 நானோமீட்டர்.

ஆகவே, துகளை மீண்டும் ஒருமுறை செய்வது நல்லது. 1 கிராம் மேக்னடைட்டுக்கு: ஆறு நீர் கொண்ட ஃபெரிக் குளோரைடு 2.34 கிராம், ஃபெரஸ் குளோரைடு (நான்கு நீர்) 0.86 கிராம். ஃபெரஸ் குளோரைடு பாட்டில் பழசாகிப் பச்சை போய் மஞ்சள் பழுப்பாக மாறியிருந்தால் தொடாதீர்கள். அது பாதி ஃபெரிக் ஆகிவிட்டது, ஃபெரஸ், ஃபெரிக் இரண்டின் 1:2 விகிதம் கெட்டுவிடும். அதற்குப் பதில் மோர் உப்பு (ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்) 1.69 கிராம் போடலாம். எல்லாக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்திலும் இருக்கும், காற்றில் எளிதில் கெடாது. கொதிக்கவைத்து ஆறவிட்ட காய்ச்சி வடித்த நீர் 50 மில்லிலிட்டர், அதில் நைட்ரஜன் 20 நிமிடம். உப்புகளைக் கரைத்து 80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். 25 சதவீத அமோனியா 10 மில்லிலிட்டரை வேகமாகக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள், கணக்குப்படி 2.6 மில்லிலிட்டர் போதும், மிகுதி பி.எச்.சை உயர்வாக நிறுத்த. நொடியில் கறுக்க வேண்டும். பழுப்பாக வந்தால் ஆக்சிஜன் புகுந்துவிட்டது. காந்தக் கலக்கியை இங்கே பயன்படுத்தாதீர்கள்: செய்த மேக்னடைட் முழுவதும் கலக்குத் துண்டில் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து சுழலும் கண்ணாடி அல்லது டெஃப்லான் துடுப்பு வேண்டும். அமோனியா என்பதால் புகைபோக்கி அலமாரிக்குள் மட்டும்.

45 நிமிடம் கழித்து நியோடிமியக் காந்தத்தால் இழுத்து, காய்ச்சி வடித்த நீரில் நான்கு முறை கழுவுங்கள். கழுவியதை அவனில் உலர்த்தாதீர்கள். பலரும் செய்யும் பிழை இதுதான். ஒருமுறை காய்ந்தால் துகள்கள் கட்டியாகிவிடும், எத்தனை மணி நேரம் சோனிக்கேட்டரில் (ஒலியலையால் உலுக்கும் கருவி) போட்டாலும் தனித்தனியாகப் பிரியாது. ஈரமாகவே வைத்து, 1 கிராம் சிட்ரிக் அமிலத்தைச் சிறிது நீரில் கரைத்து ஊற்றி, பி.எச். 5 அருகே, 80 முதல் 90 டிகிரியில் ஒரு மணி நேரம். பூச்சு ஏறிய துகள் நீரில் நன்றாகப் பரவும், காந்தம் சீக்கிரம் இழுக்காது. அதனால் அசிட்டோன் ஊற்றிப் படியவைத்து, எஞ்சிய அமிலத்தைக் கழுவி, பி.எச். 7இல் பரப்புங்கள். ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். வண்டல் இருந்தால், சூடாக்கும் நேரத்திலேயே துகள் கீழே இறங்கும், உங்கள் செறிவு பொய்யாகும். இந்தக் குப்பியில் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் படக் கூடாது. நம் ஊர்த் தண்ணீரின் கால்சியம் சிட்ரேட் பூச்சின் மின்சுமையை அடக்கி, துகள்களை நிமிடத்தில் திரளச் செய்யும்.

"10 மில்லிகிராம்" என்பதை எப்படி அறிந்தீர்கள்? எடைபோட்ட உப்பிலிருந்து கணித்ததா? அது போதாது, கழுவும்போது கால்வாசி போயிருக்கலாம். 20 மைக்ரோலிட்டரை அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, நீர்த்து, ஹைட்ராக்சிலமினால் முழு இரும்பையும் ஃபெரஸ் ஆக்கி, சோடியம் அசிட்டேட்டும் ஃபீனாந்த்ரோலினும் சேர்த்து 510 நானோமீட்டரில் ஒளி உட்கவர்வு பாருங்கள். ஆரஞ்சுச் சிவப்பு நிறம் வரும். மோர் உப்பிலேயே தரக்கோடு போடலாம். இது மூன்று முறை. இந்த ஒரு அளவீடு சரியாக இருந்தால்தான் மேலே சொன்ன 17 வாட்டையும் நம்ப முடியும்.

இன்னும் ஒரு சோதனை செய்தால் ப்ராஜெக்ட் வேறு தரத்துக்குப் போகும். நீரில் கிடைத்த வெப்பம் கட்டிக்குள் கிடைக்காது. திசுவில் துகள் சிக்கிக்கொள்கிறது, உருள முடியாது, பிரௌன் தளர்வு நின்றுபோகிறது. செல்லுக்குள் போனால் திரளவும் செய்கிறது. இதைப் பார்க்க ஆடோ, எலியோ வேண்டாம். அகர் போதும், நோன்பு காலத்தில் வாணியம்பாடி, ஆம்பூர் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசிதான். ஆய்வகத் தர அகரை 5 சதவீதம் காய்ச்சி, 50 டிகிரிக்கு ஆறியதும் துகளைக் கலந்து, அதே செறிவில் அதே குப்பியில் உறையவிடுங்கள். நீர், அகர் இரண்டின் சாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வரையுங்கள். அகரில் வெகுவாக இறங்கினால் உங்கள் துகள் பிரௌன் வழியை நம்பியிருக்கிறது. இறங்காவிட்டால் நீல் வழி. கட்டிக்குள் வேலை செய்ய அதுவே உகந்தது.

கட்டியின் அளவு என்ன செய்யும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கத்தில் முடியும். ரத்த ஓட்டத்தை விட்டுவிட்டு, வெப்பக் கடத்தல் மட்டும் என்று கொண்டால், கோளத்தின் விளிம்பு வெப்பநிலை ஏற்றம் = கன அளவுக்கான திறன் × ஆர வர்க்கம் ÷ (3 × வெப்பக் கடத்துத்திறன்). திசுவுக்குக் கடத்துத்திறன் 0.55 எடுத்தால், 1 செ.மீ. ஆரக் கட்டியின் விளிம்பை 37இலிருந்து 43க்கு ஏற்றக் கன செ.மீ.க்கு 0.1 வாட் வேண்டும். உங்கள் 17 வாட் துகளில் மில்லிலிட்டருக்கு 6 மில்லிகிராம் இரும்பு. 2.5 மி.மீ. ஆரக் கட்டிக்கு அதே ஏற்றம் வேண்டுமானால் 16 மடங்கு: கன செ.மீ.க்கு 1.6 வாட், இரும்பு மில்லிலிட்டருக்கு 94 மில்லிகிராம். ரத்த ஓட்டத்தைச் சேர்த்தால் தேவை இன்னும் கூடும். பெர்லினில் 112 மில்லிகிராம் அளவுக்கு அடர்த்தியான திரவத்தை ஏன் வைத்திருந்தார்கள் என்பதை இதை வைத்து நீங்களே விளக்கிவிடலாம். கண்ணுக்குத் தெரியாத சிறு பரவல்களை இந்த முறையால் ஏன் தேடிச் சூடாக்க முடியவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது.

சுருள் ஓடும்போது மோதிரம், வளையல், தாலிச் செயின் எதுவும் ஒரு சாண் தூரத்துக்குள் வரக் கூடாது. உங்களோடு ஆய்வகத்தில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள். புது அளவீட்டை ஐந்து முறை எடுத்து, ஒவ்வொரு முறையும் துகள் குப்பிக்கு முன்னும் பின்னும் வெறும் நீர் ஒன்று ஓட்டி, குப்பியை 30 டிகிரிக்கு ஆறவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். மே மாதப் பகலில் அறையே 38 இருந்தால் காலை ஆறு மணிக்கு ஆய்வகம் திறக்க அனுமதி கேளுங்கள்.